மூச்சை வெளியே விடும்போது இதயத்தில் என்ன நடக்கிறது?

மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே இரண்டு விரலை வைத்து நாடி பாருங்கள். மூச்சை மெதுவாக இழுக்கும்போது துடிப்புகள் கொஞ்சம் நெருங்கி வரும். வெளியே விடும்போது இடைவெளி கூடும். இளவயதினருக்கு இது நன்றாகவே தெரியும். பயப்பட வேண்டாம், ஆரோக்கியமான இதயம் இப்படித்தான் துடிக்கும்.

இதயம் துடிக்க மூளையின் உத்தரவு தேவையில்லை. அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை தானே துடிக்கும். மாற்று இதயம் பொருத்தியவர்களுக்கு நரம்புத் தொடர்பு அறுந்திருப்பதால், ஓய்வில் இருக்கும்போதும் நாடி 90, 100 என்றுதான் இருக்கும். அப்படியென்றால் சும்மா உட்கார்ந்திருக்கும் நமக்கு 70 எப்படி வந்தது? மூளைத்தண்டிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு விடாமல் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது. நாம் அமைதியாக இருக்கும் நேரத்திலும் உடல் அதற்காக உழைத்துக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அந்த பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்பதை மருந்தியல் அறிஞர் ஓட்டோ லோவி 1921-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். ஒரு தவளையின் இதயத்தில் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு குறைந்தது. அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளையின் இதயத்தில் விட்டார். யாரும் தூண்டாமலே அதுவும் மெதுவானது! நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்துதான் இதயத்தோடு பேசுகிறது. அசிட்டைல்கோலைன் என்பது அதன் பெயர். 1936-இல் இதற்காக ஆங்கிலேய விஞ்ஞானி ஹென்றி டேலுடன் சேர்ந்து லோவி நோபல் பரிசு பெற்றார். சோதனைக்கான யோசனை கனவில் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அசிட்டைல்கோலைன் நொடிக்குள் வேலை செய்து, நொடிக்குள் சிதைந்தும் விடும். அதனால்தான் ஒரே மூச்சுக்குள் நாடி ஏறி இறங்க முடிகிறது. மூச்சை இழுக்கும்போது பிரேக் தளர்கிறது, விடும்போது இறுகுகிறது. இதயத்துக்கு நேரடியாக உத்தரவு போட நமக்கு வழியில்லை. ஆனால் மூச்சு நம் கையில் இருக்கிறது.

பதற்றத்தில் இருப்பவரிடம் "நல்லா மூச்சை இழு" என்று சொல்வது வழக்கம். என்னைக் கேட்டால் "மெதுவா வெளியே விடு" என்பதே சரி. பெரிய பெரிய மூச்சாக வேகமாக இழுத்து விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். தலை சுற்றும், விரல் மரத்துப்போகும், பயம் இன்னும் கூடும். அதைவிட நான்கு நொடி இழுத்து, ஆறு நொடி நிதானமாக விடலாம். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. சிரமமாக இருந்தால் நொடிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள், அடக்கிப் பிடிக்க வேண்டாம்.

அப்புறம் ஒன்று. ஆபத்து என்று மூளை நினைத்தவுடன், உடலை அவசரத்துக்குத் தயார்படுத்தும் பரிவு நரம்புகள் அட்ரீனல் சுரப்பியை முடுக்கிவிடும். அங்கிருந்து வரும் அட்ரினலின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலந்துவிட்டால், அது குறைய சில நிமிடங்கள் ஆகும். மூன்று மூச்சு விட்டும் படபடப்பு போகவில்லையே என்று பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஐந்து நிமிடம் கொடுத்துப் பாருங்கள்.