தீவிரவாதி வேறு, பயங்கரவாதி வேறு

2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேர் சாகக் காரணமானவன், முதல் பள்ளிவாசலில் சுட்டதை ஃபேஸ்புக்கில் நேரலையாகவே காட்டினான். அடுத்த 24 மணி நேரத்தில் அந்தக் காணொளியின் 15 லட்சம் பிரதிகளை நீக்கியதாக ஃபேஸ்புக் சொன்னது. இரண்டு மாதம் கழித்து நியூசிலாந்தும் பிரான்சும் சேர்ந்து பாரிஸில் வெளியிட்டதுதான் ‘கிறைஸ்ட்சர்ச் அழைப்பு’, அரசுகளும் இணைய நிறுவனங்களும் ஏற்கும் உறுதிமொழி. டெரரிசம், எக்ஸ்ட்ரீமிசம் இரண்டையுமே நம் செய்திகள் ‘தீவிரவாதம்’ என்று எழுதுவதால், அதன் நோக்கத்தைத் தமிழில் சொல்லப் போனால், ‘தீவிரவாத மற்றும் வன்முறைத் தீவிரவாத உள்ளடக்கங்களை ஒழித்தல்’ என்று வந்து விழுகிறது. தீவிரவாதம் என்றாலே குண்டுவெடிப்பு என்றால், அதில் வன்முறைத் தீவிரவாதம் என்று தனி ரகம் எதற்கு?

டெரரிசம் என்ற சொல்லுக்கு வேர், அச்சுறுத்தலைக் குறிக்கும் லத்தீன் வினை. பிரெஞ்சுப் புரட்சியின்போது எதிரிகளைக் கொன்று குவித்த ரோபெஸ்பியர் காலத்து ஆட்சியை ஏசுவதற்காகப் பிரெஞ்சில் பிறந்தது. பயமுறுத்துவதே வழிமுறை என்பதால் ‘பயங்கரவாதம்’ கச்சிதம். இலங்கையின் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தையும் ‘பயங்கரவாதத் தடைச் சட்டம்’ என்றுதான் சொல்கிறோம்.

தீவிரவாதத்தின் கதை வேறு. 1907இல் சூரத்தில் காங்கிரஸ் உடைந்தபோது கோகலே பக்கம் மிதவாதிகள், திலகர் பக்கம் தீவிரவாதிகள். அங்கே போயிருந்த வ.உ.சி.யும் பாரதியும் திலகர் பக்கம். இன்றைய செய்திவாசிப்பாளர் அகராதிப்படி அவர்களை என்னவென்று சொல்வது? தீவிரம் என்பது கொள்கையின் அளவு. துப்பாக்கி அதற்குள் இல்லை. ‘பயங்கரவாதம் வடசொல்’ என்று ஒதுக்குபவர்கள், தீவிரமும் வாதமும் எந்த ஊர்ச் சரக்கு என்று பார்க்கட்டும். தலைப்பில் இடம் போதாது என்பது இன்னொரு சாக்கு. இரண்டுக்கும் இரண்டே எழுத்துதான் வித்தியாசம்!

இணையத்தில் இந்தக் குழப்பம் வெறும் இலக்கணச் சிக்கல் இல்லை. கொலைக் காணொளி ஒன்று அடையாளம் காணப்பட்டதும் அதற்கு ஹாஷ் என்னும் எண்கோவையை உருவாக்கி நிறுவனங்கள் பகிர்ந்துகொள்கின்றன. அதே கோப்பு வேறு தளத்தில் ஏறும்போது பிடிபடும். ஃபேஸ்புக், மைக்ரோசாஃப்ட், ட்விட்டர், யூடியூப் நான்கும் 2017இல் இது போன்ற உள்ளடக்கத்தைத் தடுக்க ஓர் அமைப்பைத் தொடங்கின. அந்தக் கொலைக் காணொளி பயங்கரவாத உள்ளடக்கம், சரி. ஆனால் ஒரு சமூகத்தையே பகையாகக் காட்டும் நையாண்டிப் படம், புள்ளிவிவரம் போல வேடமிட்ட புளுகு, இவற்றில் பல சட்டத்துக்கு உட்பட்டே உலாவும். இவற்றைத் தீவிரவாதம் எனலாம். கொல்லத் தூண்டினால் வன்முறைத் தீவிரவாதம். மூன்றுக்கும் ஒரே முத்திரை என்றால், எதை நீக்குவது, எதற்குப் பதில் சொல்வது என்று எப்படிப் பேசுவது?

அப்புறம் ‘மூளைச்சலவை’. ஒருவர் படிப்படியாகத் தீவிரவாதத்தின் பக்கம் சாய்வதற்கெல்லாம் இதையே எழுதுகிறார்கள். சலவை என்றால் வேறொருவர் செய்வது. திரைக்கு முன் உட்கார்ந்து அடுத்தடுத்த காணொளியைத் தானே தேடிப் போகிறவருக்கு அது எப்படிப் பொருந்தும்? ‘தீவிரமயமாதல்’ நாக்கில் கொஞ்சம் இடறும்தான். ஆனாலும் அதையே எழுதலாம்.