உடையாத தம்ளருக்கு வாங்குபவர் இல்லை

கண்ணாடிப் பொருள்கள் ஏன் உடைந்தன என்பதை உடைந்த துண்டுகளிலிருந்தே கண்டறிந்து சொல்வது என் தொழில். உணவகங்களிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் துண்டுகளை நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், விரிசல் தொடங்கிய இடம் வழவழப்பான சிறிய அரைவட்டமாகவும், அதிலிருந்து ரேகைகள் விசிறிபோல் விரிந்து செல்வதாகவும் தெரியும். அந்த அரைவட்டத்தின் மையத்தில் பெரும்பாலும் ஒரு நுண்ணிய கீறல் இருக்கும். தம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோது உரசியதாலோ, கம்பி நாரால் தேய்த்துக் கழுவியதாலோ அது விழுந்திருக்கும். கண்ணாடியின் வலிமையைக் குறைப்பவை இத்தகைய நுண்விரிசல்களே என்பதை ஆலன் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1920-இல் விளக்கினார். அதைக் கேட்டதும் பலரும் எழுப்பும் கேள்வி, அப்படியானால் உடையாத தம்ளரைச் செய்ய முடியாதா என்பதாகும். முற்றிலும் உடையாததைச் செய்ய இயலாது. எளிதில் உடையாததைச் செய்ய இயலும். ஒரு நாடு அத்தகைய தம்ளர்களைப் பத்துக் கோடிக்கும் மேல் செய்தது. அந்த நாடு இன்று இல்லை.

கிழக்கு ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் உள்ள ஷ்வெப்னிட்ஸ் என்ற சிற்றூரின் அரசுத் தொழிற்சாலையில் 1980 முதல் 1990 வரை உற்பத்தியான அந்தத் தம்ளர்களின் பெயர் 'சூப்பர்ஃபெஸ்ட்'. அவற்றின் நுட்பம் இதுதான். சாதாரணச் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியின் மேற்பரப்பில் சோடியம் அயனிகள் நிறைந்திருக்கும். ஏறத்தாழ 400 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகிய பொட்டாசியம் உப்பு அதன்மேல் படும்போது, சோடியம் வெளியேறி அந்த இடத்தில் பொட்டாசியம் அமர்கிறது. பொட்டாசியம் அயனி பருமனில் பெரியது. சோடியம் இருந்த இடம் அதற்குப் போதாது. ஆகவே மேற்பரப்பு முழுவதும் தனக்குள் நெருக்குண்டு, நிலையான அமுக்கத்தில் இருக்கிறது. கண்ணாடியில் விரிசல் வளர வேண்டுமானால் அதை இழுத்துப் பிளக்கும் விசை தேவை. அந்த விசை முதலில் இந்த அமுக்கத்தைக் கடந்தாக வேண்டும் என்பதால், சிறிய கீறல்கள் இருந்தும் வளராமல் நின்றுவிடுகின்றன.

இந்த அறிவியல் கிழக்கு ஜெர்மனியின் தனிக் கண்டுபிடிப்பு அன்று. இப்படி ஓர் அயனியின் இடத்தில் மற்றொன்று அமரும் அயனிப் பரிமாற்றத்தால் கண்ணாடி வலுப்பெறுவதை 1962-இல் அமெரிக்கரான கிஸ்ட்லர் வெளியிட்டார். அதே காலத்தில் அங்கே கார்னிங் என்ற கண்ணாடி நிறுவனமும் இத்தகைய கண்ணாடியை உருவாக்கியது. அதை விலை குறைந்த பீர்த் தம்ளருக்குப் பெருமளவில் கொண்டுவந்ததுதான் கிழக்கு ஜெர்மனியின் சாதனை. அங்கே மூலப்பொருளும் எரிபொருளும் எப்போதும் பற்றாக்குறை. கண்ணாடி உலையை எரியவைப்பது செலவு மிக்க வேலை. மதுக்கூடங்களிலும் உணவகங்களிலும் ஆண்டுதோறும் உடையும் தம்ளர்களை ஈடுசெய்யவே உலைகள் ஓட வேண்டியிருந்தது. அந்த உணவகங்களில் பெரும்பாலானவை அரசுடைமையாகவோ கூட்டுறவாகவோ இருந்தன. தம்ளரைச் செய்த தொழிற்சாலையும் அரசுடையது. உடைவதால் நேரும் இழப்பு, சுற்றி வளைத்து ஒரே கணக்குப் புத்தகத்தில்தான் வந்து விழுந்தது. இந்தத் தம்ளரைப் புரிந்துகொள்ள வேறு விளக்கம் அதிகம் தேவையில்லை என்பது என் கருத்து. செய்பவனே உடைவின் செலவையும் ஏற்கும் இடத்தில், உடையாத பொருளைத் தேடுவதற்கு ஒரு காரணம் தானாகவே உண்டாகிவிடுகிறது.

வடிவமைப்பிலும் அதே சிந்தனை தெரிகிறது. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும்போது உரசல் எங்கே நேர வேண்டும், எங்கே நேரக் கூடாது என்பதை எண்ணிப் பார்த்து வளைவுகளை அமைத்திருக்கிறார்கள். சுவர் மெல்லியது, எடை குறைவு. உடைவை ஆராய்பவன் என்ற முறையில், அந்த மெல்லிய சுவரைத்தான் நான் முதன்மையாக மதிக்கிறேன். கண்ணாடியைச் சூடாக்கித் திடீரென்று குளிர்வித்து வலுப்படுத்தும் வெப்ப முறையை மெல்லிய சுவர்களில் கையாள்வது கடினம். அயனிப் பரிமாற்றத்துக்கு அந்தத் தடை இல்லை.

ஆயினும் எதை எவ்வளவு செய்வது என்பதை அரசே தீர்மானிக்கும் திட்டமிட்ட பொருளாதாரம் நீடித்து உழைக்கும் பொருள்களின் சொர்க்கம் என்று எண்ணிவிடக் கூடாது. அண்மைக் காலமாக அப்படியொரு ஏக்கம் இணையத்தில் பரவுவதைப் பார்க்கிறேன். பற்றாக்குறை தூண்டிய கண்டுபிடிப்பு, அந்தப் பற்றாக்குறை தீரும் அளவோடு நின்றுவிட்டது. எஃகுத் தகடு கிடைக்காத நிலையில், சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்த பருத்திக் கழிவையும் ஃபீனால் பிசினையும் சேர்த்து அழுத்தி 'டிராபண்ட்' என்ற கிழக்கு ஜெர்மானியக் காரின் மேலுடலைச் செய்தது உண்மையிலேயே அருமையான வேலை. ஆனால் 1964-இல் வந்த 601 என்ற வகை, இரண்டு வீச்சு எஞ்சினோடு ஏறத்தாழ அப்படியே 1990 வரை தொடர்ந்தது. அந்தக் காரைச் செய்த ஸ்விக்காவ் நகரத்துப் பொறியாளர்கள் புதிய மாதிரிகளைச் செய்யாமல் இல்லை. ஒன்றை 1968-இலும், செக்கோஸ்லோவாக்கியாவுடன் சேர்ந்து உருவாக்கிய மற்றொன்றை 1979-இலும் மேலிடம் நிறுத்தியது. காருக்குப் பதிவு செய்தவர்கள் பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த நாட்டில், பழைய காரே விற்றுப்போகும்போது புதிய காருக்கு முதலீடு செய்யும் நெருக்கடி எவருக்கும் இல்லை. ஆலைத் தலைவருக்கு இலக்கு எண்ணிக்கையில் வந்தது. புதிய மாதிரிக்காக உற்பத்தி வரிசையை நிறுத்தினால் அந்த எண்ணிக்கை குறையும். 1977-இல் காப்பித் தட்டுப்பாட்டின்போது, பாதிக்குச் சற்று மேல் காப்பியும் மீதிக்குத் தானியம், பட்டாணி போன்றவையும் கலந்த ஒரு தூளை அரசே அறிமுகப்படுத்தியது. அதுவும் புதுமைதான்! மக்கள் ஆயிரக்கணக்கில் புகார் மனுக்களை எழுதி அதை ஒழித்தார்கள்.

சூப்பர்ஃபெஸ்டுக்கு எதிரான சிக்கல் வேறு திசையிலிருந்து வந்தது. அந்நியச் செலாவணிக்காக அதை மேற்கு நாடுகளில் விற்க முயன்றபோது வணிகர்கள் ஆர்வம் காட்டவில்லை. தம்ளர் வணிகத்தில் மீண்டும் மீண்டும் நடக்கும் விற்பனையின் பெரும்பகுதி உடைவதால்தான் வருகிறது. அது குறைந்தால் வணிகமும் குறையும். 1990-இல் இரு ஜெர்மனிகளும் இணைந்த ஆண்டிலேயே உற்பத்தி நின்றுவிட்டது. அந்த நிலப்பகுதியின் குளிர்பதனப் பெட்டித் தொழிற்சாலைக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதே கதைதான். ஷார்ஃபென்ஸ்டைன் ஆலை, மூடப்படும் தறுவாயில், கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் துணையோடு ஓசோன் படலத்தைக் கெடுக்காத ஹைட்ரோகார்பன் வாயுக்களால் இயங்கும் பெட்டியை உருவாக்கியது. தொடக்கத்தில் அதை எள்ளி நகையாடிய பெருநிறுவனங்கள் விரைவிலேயே அதே வழிக்கு மாறின. அந்த ஆலையோ சில ஆண்டுகளில் நொடித்துப்போனது. இன்று நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் பின்புறத்தில் ஆர்600ஏ என்று அச்சிட்டிருந்தால், அதில் ஐசோபியூட்டேன் ஓடுகிறது. அந்த ஆலை காட்டிய வழி அது.

கைப்பேசித் திரைகளில் இன்று அயனிப் பரிமாற்றக் கண்ணாடிதான் பரவலாக இருக்கிறது. தம்ளரில் நிலைக்காத தொழில்நுட்பம் திரையில் நிலைத்ததற்குக் காரணம், திரை உடைந்தால் கைப்பேசி நிறுவனத்தின் பெயர் கெடும் என்பதே. தம்ளர் உடைந்தால் எவருடைய பெயரும் கெடுவதில்லை. வாங்கியவரின் கைநழுவல் என்று சொல்லி முடித்துவிடலாம்.

நம் கடைகளில் 'உடையாதது' என்ற சொல்லோடு விற்பவை பெரும்பாலும் வெப்ப முறையில் வலுப்படுத்தியவை. அவை அடி தாங்கும். ஆனால் உள்ளே இழுவிசை தேங்கியிருப்பதால், மேலுள்ள அமுக்க அடுக்கைத் துளைக்கும் ஆழமான கீறல் விழுந்துவிட்டால் முழுத் தம்ளரும் ஒரே நேரத்தில் சிதறும். எவரும் தொடாதபோதே வெடித்தது என்று என்னிடம் வரும் புகார்களில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. போரோசிலிகேட் கண்ணாடி வேறு வகை. அதன் வெப்ப விரிவு சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்பதால் கொதிநீரைத் தாங்கும். கீழே விழுவதற்கு அது மருந்து அன்று. எந்த வகையானாலும் கம்பி நார் கூடாது. விளிம்பில் நகம் தட்டுப்படும் அளவுக்குக் கீறல் இருந்தால் அந்தத் தம்ளரை ஒதுக்கிவிட வேண்டும்.

தனி நுகர்வோர் வலிமையைக் கண்ணால் பார்த்து வாங்க முடியாது. ஆனால் விடுதிகள், மருத்துவமனை உணவகங்கள், கல்லூரிச் சாப்பாட்டுக்கூடங்கள் ஆகியவை ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் வாங்குகின்றன. உடைவின் செலவையும் அவையே ஏற்கின்றன. அவற்றின் கொள்முதல் அறிவிப்புகளில் நான் பார்த்தவரை கொள்ளளவும் விலையும் மட்டுமே இருக்கின்றன. குறிப்பிட்ட உயரத்திலிருந்து விழும் சோதனை, வெந்நீரிலிருந்து குளிர்நீருக்கு மாற்றும் சோதனை, அடுக்கி உரசிய பிறகு எஞ்சும் வலிமை ஆகிய மூன்றையும் அதில் எழுதி, ஓராண்டில் உடையும் விகிதம் ஒரு வரம்பைத் தாண்டினால் வழங்குபவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்க்கலாம். உரசிய பிறகு எஞ்சும் வலிமைக்கான சோதனையைப் புதிய தம்ளரில் செய்து காட்டினால் ஏற்கக் கூடாது; சில வாரம் புழங்கிய தம்ளரில்தான் அதைக் கேட்க வேண்டும்.