பினாயிலுக்குப் பார்வோ சாகாது

நாய்களுக்கு ரத்தபேதி வரவழைக்கும் பார்வோ வைரஸுக்கு இந்த மாதத்தில் நான் பறிகொடுத்த நான்காவது நாய் இது. இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து எழுதுகிறேன், கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வந்தது மணி. ஒன்றரை வயது. ஒரு ஊசிகூடப் போடவில்லை. "நாட்டு நாய்தானே டாக்டர், அதுக்கு எதிர்ப்புசக்தி இருக்கும்" என்றார் வீட்டுக்காரர். ரத்தபேதியோடு வந்து, மூன்றாம் நாள் ட்ரிப்ஸ் ஏறும்போதே போய்விட்டான். எட்டாவது படிக்கும் மகள் சோற்றைத் தொடவில்லை. அவளுக்காகப் பத்தாம் நாள், சாக்கடை ஓரம் மழையில் கிடந்த குட்டியைத் தூக்கி வந்திருக்கிறார்கள். இரண்டு மாதம் இருக்கும். ஆறே நாளில் அந்தக் குட்டி என் மேசைமேல் கிடந்தது. சுற்றியிருந்தது மணியின் போர்வை. பச்சைக் கட்டம், ஓரத்தில் அவனுடைய செம்பட்டை முடி அப்படியே ஒட்டியிருந்தது. "வாசனை போயிடும்னு பாப்பா துவைக்கவே விடல டாக்டர்" என்றார் அம்மா.

பார்வோ டெஸ்ட் கிட்டில் இரண்டு கோடு, அதாவது பாசிட்டிவ். இன்று விடியற்காலை அதுவும் போனது.

"வீட்டை மூணு தடவை பினாயில் ஊத்திக் கழுவினோமே?" இந்தக் கேள்வி என் காதில் விழாத வாரம் இல்லை. பினாயிலுக்குப் பார்வோ சாகாது. நெடி மூக்கைத் துளைத்தாலும் சாகாது. பூ வாசனை தரைத் திரவத்துக்கும், கைக்குப் போடும் சானிடைசருக்கும் சாகாது. சாம்பிராணி போட்டேன் என்பவர்களிடம் நான் பேசுவதே இல்லை. வீட்டுக்குள் ஒரு மாதத்துக்கு மேலும், நிழலான ஈர மண்ணில் ஒரு வருடம் வரைக்கும் இது தாங்கும். உங்கள் செருப்பிலேயே வீட்டுக்குள் வரும்.

சாவது ப்ளீச்சுக்கு. முதலில் சோப்புப் போட்டு அழுக்கைத் தேய்த்து எடுங்கள், அழுக்கின்மேல் ஊற்றினால் ப்ளீச் வீண். பிறகு ஒரு பங்கு திரவ ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஈரம் காயாமல் விட்டுக் கழுவுங்கள். கழிவறை ஆசிட்டோடு மட்டும் தயவுசெய்து கலக்காதீர்கள், அந்தப் புகை உங்களையே சாய்த்துவிடும். படுக்கை, சாக்கு, துணிப் பொம்மை எல்லாவற்றையும் எரித்துவிடுங்கள். தோட்டத்து மண்ணை ப்ளீச் போட்டுச் சுத்தமாக்க முடியாது. அங்கே குட்டியை விடாதீர்கள், அவ்வளவுதான்.

போன நாய்க்காக அழுகிறவர்களைப் பார்த்து "நாய்க்கா இவ்வளவு?" என்று சிரிக்கும் உறவினர்களே, கொஞ்சம் சும்மா இருங்கள். நீங்கள் சிரிக்கிற சிரிப்புக்குப் பயந்துதான் பாதிப் பேர் அவசரமாக இன்னொன்றைத் தூக்கி வருகிறார்கள். இன்னொரு நாய் எடுப்பது துரோகம் இல்லை. அதே பெயர் வைத்து அதே நாய் திரும்பி வந்ததாக நினைப்பதுதான் வருகிற நாய்க்குப் பாவம்.

பார்வோ வந்த வீட்டுக்குக் குட்டிதான் வேண்டும் என்றால், அதற்கு ஊசி முடியட்டும். ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் ஊசி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று, கடைசி ஊசி பதினாறு வாரத்துக்குப் பிறகு. ஒரு ஊசியோடு நிறுத்திவிட்டு "போட்டாச்சே" என்று வராதீர்கள். காத்திருக்க முடியாதென்றால், ஊசி முறையாகப் போட்ட வளர்ந்த நாயை எடுங்கள். காப்பகங்களில் யாரும் திரும்பிப் பார்க்காமல் கிடப்பவை அவைதான். ஒன்று கவனம்: காதில் சின்ன வெட்டு இருந்தால் குடும்பக்கட்டுப்பாடு ஆகிவிட்டது, வெறிநாய் ஊசியும் போட்டிருப்பார்கள் என்று அர்த்தம். பார்வோ ஊசி போட்டதாக அர்த்தம் இல்லை. ஊசி போட்ட அட்டையைக் கேட்டு வாங்குங்கள். அட்டை இல்லையென்றால் முதலில் என்னிடமோ வேறு டாக்டரிடமோ காட்டி ஊசி போட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்து வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்.

காலையில் குட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தபோது அந்தச் சின்னப் பெண் கேட்டாள்: "நான் போர்வையைத் துவைச்சிருந்தா பொழைச்சிருக்குமா?" போர்வை மட்டும் காரணமில்லை, கிருமி தரை முழுக்கக் கிடந்ததும்மா என்றேன். உண்மைதான். அவள் நம்பிய மாதிரி தெரியவில்லை.

போர்வையை எரிக்க ஒத்துக்கொண்டாள். கையில் மணியின் கழுத்துச் சங்கிலி இருந்தது, அதை மட்டும் விடவில்லை. ஸ்டீல் சங்கிலிதான். கிண்ணத்தில் ப்ளீச் கலந்து அதைப் போட்டேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிடமும் நின்றாள். அலசித் துடைத்துக் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஸ்கூல் பையில் போட்டுக்கொண்டாள்.