எல்லாக் கணினியிலும் ஓடினால் மட்டும் போதுமா?

போன வருடம் ஓர் அரிசி மண்டியிலிருந்து அழைத்தார்கள். பழைய கணினி படுத்துவிட்டது, ஹார்டு டிஸ்க் மட்டும் தப்பித்தது, அதிலிருக்கும் பதினெட்டு வருடக் கணக்கைப் புதுக் கணினியில் ஏற்றித் தர வேண்டும். அரை நாள் வேலை என்று நினைத்துப் போனேன். பதினோரு நாள் ஆனது.

அந்த மென்பொருளை எழுதிய கருவியை அதன் நிறுவனமே எப்போதோ கைவிட்டிருந்தது. எழுதிக்கொடுத்தவர் தொழிலையே விட்டுவிட்டார். சோர்ஸ் கோடு, அதாவது மென்பொருளின் மூல நிரல், யாரிடமும் இல்லை. கோப்பைத் திறக்கவே மூன்று நாள் பிடித்தது. திறந்தால், வாடிக்கையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்! எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில் இல்லாத, அந்த மென்பொருளுக்கென்றே செய்த தமிழ் எழுத்துரு. இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகள் எதற்கும் அது பிடிபடவில்லை. மண்டிக்காரர் பழைய பேரேட்டைப் புரட்டி ஒவ்வொரு பெயராக வாசிக்க, எந்தக் குறி எந்த எழுத்து என்று நான் பட்டியல் போட்டேன். பாக்கித் தொகை யாருடையது என்று தெரியாமல் அந்த மனிதர் பட்ட பதற்றம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இதைச் சொன்னால் இளம் டெவலப்பர்கள், "நாங்க எல்லாம் கிராஸ்-பிளாட்ஃபார்ம்தான் சார்" என்கிறார்கள். எந்த வகைக் கணினியிலும் ஓடும்படி எழுதுகிறார்களாம். நல்ல விஷயம்தான். ஆனால் பிரௌசரோடு சேர்த்து நிறுவும் பிளக்-இன்னான சில்வர்லைட்டும் விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடியதுதான். 2007-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. நெட்ஃபிளிக்ஸே அதில் படம் காட்டியது. 2011-இல் வந்த ஐந்தாம் பதிப்புதான் கடைசிப் பெரிய பதிப்பு. 2015-இல் குரோம் அந்த வகை பிளக்-இன்களை நிறுத்தியது. 2021 அக்டோபரில் ஆதரவும் முடிந்தது. அதே மாதிரி பிளக்-இன்னான ஃபிளாஷ் அதைவிடப் பரவலாக ஓடியது. 2020 டிசம்பரோடு அடோபி அதை முடித்துக்கொண்டபோது, தென்னாப்பிரிக்க வரித்துறையின் சில படிவங்கள் இன்னும் ஃபிளாஷிலேயே இருந்தன. அவற்றைத் திறப்பதற்கென்றே அந்தத் துறை 2021 ஜனவரியில் தனி பிரௌசர் வெளியிட வேண்டியிருந்தது.

எத்தனை கணினியில் ஓடும் என்பதோடு, அதை நிறுத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் உருவாக்கிய கோப்பு லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் அப்படியே திறக்கும். 2050 வரை ஆதரிப்போம் என்கிறார்கள் அதை உருவாக்குபவர்கள். நாளைக்கே அவர்கள் விலகினாலும், நிரலும் கோப்பு வடிவ விளக்கமும் பொதுவில் இருப்பதால் வேறு யாராவது தொடரலாம். பெரிய நிறுவனம் என்றாலே ஆகாது என்பதல்ல என் கட்சி. மைக்ரோசாஃப்ட் 2014-இல், மென்பொருள் எழுத உதவும் தன் டாட்நெட் தளத்தைத் திறந்த மூலமாக்க, அதாவது அதன் நிரலைப் பொதுவில் வைக்க, முன்வந்தது. இன்று லினக்ஸ் சர்வரில் தைரியமாக அதைப் போடுகிறேன்.

கடைக்கோ பள்ளிக்கோ மென்பொருள் வாங்குபவர்கள், முன்பணம் கொடுக்கும் முன்பே சோர்ஸ் கோடு யாருக்குச் சொந்தம், தரவை எந்த விரிதாள் மென்பொருளிலும் திறக்கும் சிஎஸ்வி கோப்பாக நாமே எடுக்க முடியுமா, தமிழ் யூனிகோடில்தான் சேமிக்கப்படுகிறதா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், டெமோவின்போதே ஒருமுறை தரவை வெளியே எடுத்து வேறொரு கணினியில் திறந்து பாருங்கள்.

மண்டிக்காரர் இப்போது சனிக்கிழமைதோறும் கணக்கைப் பென் டிரைவில் எடுத்துப்போய், லிபர்ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் இருக்கும் பேரனுடைய மடிக்கணினியில் திறந்து, நாலு பெயரைச் சரிபார்த்துவிட்டுத்தான் படுக்கப் போகிறாராம்.