√72-க்குள் ஆறு துண்டுகள்

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "கால்குலேட்டரில் √72 போட்டால் 8.485 என்று வந்துவிடுகிறது. அப்புறம் எதற்கு 6√2 என்று எழுதச் சொல்கிறார்கள்?"

வகுப்பில் சொல்லித்தரும் வழி எல்லோருக்கும் தெரியும். 72 = 2×2×2×3×3. ஜோடிக்கு ஒன்று வெளியே வரும், ஜோடி இல்லாத 2 உள்ளேயே நிற்கும். விடை 6√2. சரி, ஜோடிக்கு ஒன்று ஏன் வெளியே வருகிறது? அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஆறுக்கு ஆறு கட்டத்தில் ஒரு சதுரம் வரையுங்கள். மூலைக்கு மூலை ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுங்கள். பிதாகரஸ் தேற்றப்படி அதன் நீளம் √(36+36), அதாவது √72. இப்போது அந்தக் கோட்டைக் கிட்டப் பாருங்கள். ஆறு கட்டங்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் விழும் துண்டு √(1+1), அதாவது √2. மொத்தம் ஆறு துண்டு. 6√2 என்பது பென்சில் கோட்டிலேயே எழுதியிருக்கிறது! எத்தனை முறை வரைந்தாலும் எனக்கு இது அலுத்ததில்லை.

அந்தக் கோட்டையே பக்கமாக வைத்து ஒரு தரை போட்டால் பரப்பு 72. பரப்பு 2 உள்ள சதுர டைல்ஸ் 36 வேண்டும். வரிசைக்கு ஆறாக ஆறு வரிசை, கச்சிதமாக உட்காரும். 72-ஐ 24×3 என்று பிரித்தால்? பரப்பு 3 உள்ள டைல்ஸ் 24-ஐச் சதுரமாக அடுக்க முடியாது. ஐந்துக்கு ஐந்து அடுக்க ஒன்று குறையும். வர்க்க எண்ணைத் தேடிப் பிரிப்பது இதற்காகத்தான். இந்தப் படத்தைக் காட்டாமல் ஜோடி விதியை மட்டும் மனப்பாடம் செய்யவைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளங்கை அளவில் ஒரு பாபிலோனியக் களிமண் பலகை இருக்கிறது. வயது 3,600 ஆண்டுகளுக்கும் மேல். அதில் ஒரு சதுரம், பக்கம் 30. மூலைவிட்டத்தின் மேல் √2-இன் மதிப்பு. அதை 30-ஆல் பெருக்கினால் வரும் எண், நம் கணக்கில் ஏறத்தாழ 42.426, அதன் கீழே எழுதியிருக்கிறது. மூலைவிட்டம் √1800 தானே? 900×2. √2 கையில் இருந்தால் 1800-க்குத் தனியாக மூலம் தேட வேண்டியதில்லை.

கால்குலேட்டர் காட்டும் 8.485 தோராயம்தான், அதன் வர்க்கம் 71.995 அளவில் நின்றுவிடும். 6√2 துல்லியமான விடை. √72-உடன் √50-ஐக் கூட்டச் சொன்னாலும் தடுமாற வேண்டாம்: ஆறு துண்டும் ஐந்து துண்டும் சேர்ந்து 11√2. அதே நோட்டில் பதினொன்றுக்குப் பதினொன்று சதுரம் வரைந்து, குறுக்குக் கோட்டில் துண்டுகளை எண்ணிப் பாருங்கள்.