உறங்குகிற பிள்ளையை எழுப்பலாமா?

"ராத்திரி பத்து மணிக்குக் குடிச்சா காலைல ஆறு மணிக்குத்தான் முழிக்கான் டாக்டரம்மா. அழவே மாட்டேங்கான். அவ்வளவு நல்ல பிள்ளை."

முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த ஆச்சி பெருமையாகத்தான் சொன்னார். பிறந்து ஆறு நாளான பேரனைத் துண்டில் நன்றாகச் சுற்றி மடியில் வைத்திருந்தார். நல்ல சித்திரை வெயில். பாளையங்கோட்டைக்கு வந்து இறங்கிய பிறகும் பிள்ளை கண் திறக்கவில்லை.

துண்டைப் பிரித்தேன். நெற்றியிலிருந்து வயிறு வரை தோல் மஞ்சள் பூத்திருந்தது. இடுப்புத் துணியில் செங்கல் பொடியைக் கரைத்துவிட்டது போல ஒரு கறை. முதல் இரண்டு மூன்று நாளில் அப்படிக் கறை படிவதுண்டு, ஆறாம் நாளில் படியக்கூடாது. பால் போதவில்லை, சிறுநீர் கெட்டியாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம். தராசில் வைத்தால் இரண்டரைக் கிலோ. பிறக்கும்போது 2.9. முதல் சில நாளில் பிள்ளைகளுக்கு எடை கொஞ்சம் இறங்கும், அது இயல்பு. ஆனால் பத்து சதவீதத்தை நெருங்கினாலே நாங்கள் கவலைப்படுவோம். இந்தப் பிள்ளை ஏறக்குறைய 14 சதவீதம் இழந்திருந்தான். அவன் நிம்மதியாக உறங்கவில்லை, அழத் தெம்பில்லாமல் கிடந்தான்.

தாய்க்கு இருபத்திரண்டு வயது இருக்கும். மார்பு கல்லாகக் கட்டியிருந்தது. "எழுப்பட்டுமான்னு நான் கேட்டேன், டாக்டரம்மா" என்று மெதுவாகச் சொன்னாள். "உறங்குத பிள்ளைய எழுப்பக்கூடாதுன்னு நான்தாம்மா சொன்னேன்" என்றார் ஆச்சி. அந்த முகத்தைப் பார்த்த பிறகு நான் ஒன்றும் கடிந்து சொல்லவில்லை. நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் சொல்கிற வார்த்தைதான் அது.

அந்த வார்த்தை முதல் இரண்டு வாரத்துக்குப் பொருந்தாது. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பிறந்த பிள்ளைக்கு வயிறு சின்னது, உடம்பில் சேமிப்பும் குறைவு. ஒரு நாளைக்கு, ராத்திரியும் சேர்த்து, 8 முதல் 12 தடவை பால் குடிக்க வேண்டும். பிறந்தபோது இருந்த எடை திரும்பி வர பெரும்பாலும் 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பிக் கொடுங்கள். ராத்திரி ஒரே ஒரு தடவை கொஞ்சம் தள்ளிப்போனாலும் நாலு மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. முந்தின தடவை குடிக்க ஆரம்பித்த நேரத்திலிருந்து கணக்கு. குறை மாதத்தில் பிறந்தவன், இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறந்தவன், மஞ்சள் காமாலை உள்ளவன் என்றால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை.

மஞ்சளுக்கும் உறக்கத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்லியாக வேண்டும். மஞ்சள் நிறமி மலத்தோடுதான் வெளியே போகும். பால் குறைந்தால் மலம் குறையும், நிறமி குடலிலிருந்து திரும்ப ரத்தத்துக்கே போகும். மஞ்சள் கூடக் கூடப் பிள்ளை சோர்ந்து உறங்குவான், பால் இன்னும் குறையும். காலை வெயிலில் காட்டினால் போதும் என்று காத்திருக்காதீர்கள். சில பிள்ளைகளுக்கு நீல விளக்குச் சிகிச்சை தேவைப்படும்.

தாய்க்கும் ராத்திரிப் பால் முக்கியம். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ராத்திரியில்தான் அதிகம். எட்டு மணி நேரம் குடிக்காமல் விட்டால் பால் கட்டி வலிக்கும், நாளடைவில் சுரப்பும் குறையும். பூண்டும் பால்சுறாவும் ஆக்கிப் போடுகிற வீட்டில் இதையும் நினைவில் வையுங்கள்: பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும்.

சரி, எப்படி எழுப்புவது? கன்னத்தைத் தட்டுவதும் முகத்தில் தண்ணீர் தெளிப்பதும் வேண்டாம். இமைக்குள் கண் உருளும்போது, உதடு சப்புக்கொட்டும்போது எழுப்பினால் எளிதாக விழிப்பான். சுற்றியிருக்கும் துணியை எடுங்கள், இடுப்புத் துணியை மாற்றுங்கள். வெறும் உடம்பாகத் தாயின் நெஞ்சில், தோலோடு தோல் படும்படி போட்டு முதுகை நீவிவிடுங்கள். உள்ளங்காலைத் தேய்க்கலாம். இரண்டு சொட்டுப் பால் பீய்ச்சி உதட்டில் தடவினால் வாய் தானாகத் திறக்கும். குடித்துக்கொண்டே உறங்கினால் மார்பை மெல்ல அமுக்கிக் கொடுங்கள், பால் வாய்க்குள் இறங்கும்போது திரும்பச் சப்புவான். அப்புறம் மறு பக்கம் மாற்றுங்கள். அறையில் சின்ன விளக்கு போதும்.

சேலைத் தொட்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பசி வந்ததும் பிள்ளை முதலில் கையை வாய்க்குக் கொண்டுபோவான், தலையைத் திருப்பித் தேடுவான். அழுகை கடைசியில்தான் வரும். சேலைக்குள் கிடந்தால் அந்த முதல் அடையாளம் யார் கண்ணுக்கும் படாது, அசைந்ததும் ஆட்டிவிடுகிறோம், பசியோடு உறங்கிவிடுகிறான். இந்த இரண்டு வாரமாவது தாய்க்குப் பக்கத்தில், தனி விரிப்பில், மல்லாக்கப் படுக்கவையுங்கள். வெயில் காலம் என்று தண்ணீரோ சீனித் தண்ணீரோ கொடுக்காதீர்கள். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது.

ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும், மலம் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். இவ்வளவு செய்தும் பிள்ளை விழிக்கவில்லை, சப்பத் தெம்பில்லை, உடம்பு சுடுகிறது அல்லது சில்லிட்டிருக்கிறது என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அந்த நேரமே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

அந்தப் பிள்ளையை அன்றைக்கே சேர்த்துக்கொண்டோம். பதினெட்டாம் நாள் வந்தபோது 2.95 கிலோ. வீட்டில் ராத்திரி ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் ஆச்சிதான் எழுந்து, துணி மாற்றி, மகளின் கையில் பிள்ளையைக் கொடுத்திருக்கிறார்.

"இன்னும் எழுப்பணுமா டாக்டரம்மா?" என்று கேட்டாள் தாய்.

"வேண்டாம். எடை ஏறிட்டு. இனி அவன் கேக்கும்போது கொடு. ராத்திரி நாலஞ்சு மணி நேரம் உறங்கினா நீயும் உறங்கு. அடுத்த வாரம் எடை மட்டும் பார்த்திருவோம்" என்றேன்.

ஆச்சி பையிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினார். அலாரத்தை எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை.