ஒரு கப் மைதா எத்தனை கிராம்?

பேக்கிங் வகுப்பு எடுக்கும் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர் ஒற்றை எண்ணை எதிர்பார்க்கிறார். அப்படி ஓர் எண் இல்லை என்று வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டுவது எளிது என்பதால், முதல் நாளன்றே ஒரே கப்பை மூன்று பேரிடம் கொடுத்து மைதா அளக்கச் சொல்வேன். சென்ற முறை, சலித்த மாவைக் கரண்டியால் அள்ளிப்போட்டுக் கத்தியின் முதுகால் தலைதட்டியவருக்கு 118 கிராம் வந்தது. டப்பாவுக்குள் கப்பையே விட்டு அள்ளித் தலைதட்டியவருக்கு 143. மேடைமேல் இரண்டு தட்டுத் தட்டி, இறங்கிய இடத்தையும் நிரப்பியவருக்கு 156. மூவர் அளந்ததும் ஒரு கப்தான்!

மாவுத் துகள்களுக்கிடையே தங்கும் காற்றுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம். மூன்று கப் மாவு கேட்கும் ரொட்டிக்கு, கப்புக்கு 120 கிராம் என எடுத்தால் 360 கிராம், 150 என எடுத்தால் 450 கிராம். தண்ணீரின் அளவு மாறாதபோது, அந்த 90 கிராம் கூடுதல் மாவு பிசையும்போதே கையில் இறுகிவிடும். கோகோ தூளும் பொடித்த சர்க்கரையும் இதே குணம் கொண்டவை. மாறாக, பரல் சர்க்கரை வழுக்கி இறங்கித் தானாகவே படிந்துவிடுவதால், 240 மில்லி கப்பில் எப்படி அள்ளினாலும் ஏறத்தாழ 200 கிராம்தான்; அதற்குக் கப்பே போதும்.

கப்பும் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. அமெரிக்கக் கப் ஏறத்தாழ 237 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. மேசைக்கரண்டி பல நாடுகளில் 15 மில்லி என்றாலும் ஆஸ்திரேலியாவில் 20 மில்லி. உங்கள் கப்பின் கொள்ளளவு தெரியவில்லையென்றால் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி எடை போடுங்கள். தண்ணீரின் கிராம் கணக்கே மில்லி கணக்கு.

நான் அதிகம் அஞ்சுவது உப்பைத்தான். தூள் உப்பு ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 6 கிராம் இருக்க, செதில் செதிலான உப்புகளில் சில அதில் பாதிதான் இருக்கும். செதில் உப்புக்காக எழுதப்பட்ட குறிப்பில் தூள் உப்பை அதே கரண்டியால் போட்டால் உப்பு இருமடங்காகிவிடும்.

முன்பெல்லாம் மாணவர்களுக்கு அச்சடித்த மாற்று அட்டவணை ஒன்றைக் கொடுத்துவந்தேன், இப்போது கொடுப்பதில்லை. அது என் கையின் கணக்கு, அவர்கள் கையின் கணக்கல்ல. அவரவர் கப்பால், வழக்கமாக அள்ளும் விதத்திலேயே மூன்று முறை எடுத்து, எடைபோட்டு, சராசரியை டப்பா மூடியில் எழுதி ஒட்டிக்கொள்ளச் சொல்கிறேன். மாவின் பிராண்டோ அரைப்பின் பதமோ மாறினால் மறுபடியும் அளக்க வேண்டும். பிறர் எழுதிய குறிப்பில் கிராம் கணக்கு இருந்தால், அதைக் கப்புக்கு மாற்றாமல் அப்படியே எடைபோடுவதே மேல்.

ஆனால் தராசையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஒவ்வொரு கிராமாக நகரும் சமையலறைத் தராசில் 3 கிராம் ஈஸ்ட்டை அளந்தால், பிழை அரை கிராமாக இருந்தாலும் அது ஆறில் ஒரு பங்கு. மேலும், சில தராசுகள் மிக மெதுவாகத் தூவப்படும் பொருளைக் கணக்கில் எடுக்காமல் பூஜ்யத்திலேயே நின்றுவிடும். இத்தகைய சிறு அளவுகளுக்கு 0.1 கிராம் காட்டும் தராசை வைத்துக்கொள்ளலாம். இல்லையெனில், தலைதட்டிய தேக்கரண்டியையே பயன்படுத்தலாம்.